தம்பதிகள் சேர்ந்தார்கள், விலை கொடுத்தது யார்?

புருஷனும் பெண்சாதியும் சண்டை போடுவதற்குக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. அரிசிப் பானையின் அடி தெரிகிற மாதக் கடைசியில் எட்டடிக் குச்சிலிலேயே அது நடக்கும். காலைச் சங்கு ஊதுவதற்குள் முடிந்தும் போகும். ஆனால் விமானம் ஏறிப் போய், நம்முடைய பல மாதச் சம்பளத்தை ஒரே இரவு வாடகையாக வாங்குகிற ஓட்டலில் அறை எடுத்து, கடற்காற்றையும் வாங்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஜோடிகளும் உலகத்தில் உண்டு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ளும் இந்தக் கூட்டத்தைப் பற்றி அமெரிக்காவில் ஒரு டெலிவிஷன் நாடகம் வந்தது. கைபேசி இருந்தால் எந்த ஊர் நாடகத்தையும் பார்க்கலாம் என்று ஆகிவிட்ட காலம் இது. அந்த நாடகத்தைப் பற்றி உலகெங்கும் மக்கள் இரண்டுபட்டு நின்றார்கள். நாமும் நம் கருத்தைச் சொல்லிவைக்கிறோம்.

நாடகத்தின் பெயர் 'தி ஒயிட் லோட்டஸ்'. வெண்தாமரை என்று அர்த்தம். அது கதையில் வரும் கற்பனை ஓட்டலின் பெயர். எழுதியவரும் இயக்கியவரும் மைக் ஒயிட் என்பவர். வெளியிட்டது எச்.பி.ஓ. கம்பெனி. முதல் பாகம் 2021 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 6 பகுதிகளாக வந்தது. கொரோனாத் தொற்றினால் உல்லாசப் பயணிகள் வராமல் ஓட்டல்கள் வெறிச்சோடிக் கிடந்த 2020-ஆம் ஆண்டுக் கடைசியில், ஹவாயின் மாவி தீவிலுள்ள நிஜமான ஆடம்பர ஓட்டல் ஒன்றில் நடிகர்களையும் மற்றவர்களையும் வைத்துப் பூட்டிக்கொண்டு படம் பிடித்தார்கள். 2022-இல் எம்மி பரிசுகளில் பத்தை இந்த முதல் பாகம் அள்ளிக்கொண்டு போயிற்று. அதே ஆண்டுக் கடைசியில் இத்தாலியின் சிசிலித் தீவில் நடக்கும் இரண்டாம் பாகமும், 2025-இல் தாய்லாந்தில் நடக்கும் மூன்றாம் பாகமும் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வாரம், ஒரு ஓட்டல், படகில் வந்து இறங்கும் பணக்கார விருந்தாளிகள், கரையில் நின்று கைவீசி வரவேற்கும் சிப்பந்திகள். வாரம் முடிவதற்குள் ஒரு பிணமாவது விழும்.

பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஒருத்தர்கூட யோக்கியமில்லை, யாருடைய சுகதுக்கத்துக்காக நாம் உட்கார்ந்திருப்பது என்று பாதியிலேயே எழுந்து போனவர்கள் உண்டு. பணக்காரர்களின் வேஷத்தை இப்படி யாரும் கலைத்ததில்லை என்று கொண்டாடியவர்கள் அதைவிட அதிகம். பணம் இருந்தும் நிம்மதி இல்லை பார்த்தாயா என்று தத்துவம் பேசியவர்களும் இருந்தார்கள். (இந்தத் தத்துவத்தைக் கேட்கும்போதெல்லாம் நமக்குச் சிரிப்பு வரும். பணம் இல்லாதவனுக்கு நிம்மதி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறதா என்ன?) ஹவாயின் பூர்வகுடி மக்களில் பலர் வேறொன்று சொன்னார்கள். எங்கள் மண்ணில் எடுத்த நாடகத்திலும் நாங்கள் ஓரத்தில் நிற்கும் பொம்மைகள்தானா என்று கேட்டார்கள். இவற்றையெல்லாம் தூக்கியடிக்கிற கூட்டம் இன்னொன்று. அது நாடகத்தைப் பார்த்து முடித்ததும் அந்த ஓட்டலில் அறை கிடைக்குமா என்று விசாரிக்கப் போய்விட்டது!

நம்மவர்களிடமும் ஒரு கேள்வி எழும். தறியிலும் வயலிலும் முதுகு ஒடிகிறவனுக்குச் சீமான் வீட்டுப் படுக்கையறைச் சண்டை எதற்கு? நியாயமான கேள்விதான். படுக்கையறைச் சண்டை மட்டும்தான் இதில் என்றால் நாமும் இந்தப் பக்கத்தை வேறு விஷயத்துக்குக் கொடுத்திருப்போம். அந்தச் சண்டைகள் எதனால் வருகின்றன, யார் தலையில் போய் விடிகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் பாகத்தில் தேனிலவுக்கு வருகிறார்கள் ஒரு புது ஜோடி. மாப்பிள்ளை ஷேன், பரம்பரைப் பணக்காரன். பெண் ரேச்சல், பத்திரிகைகளுக்குத் துண்டுக் கட்டுரைகள் எழுதிக் காலம் தள்ளியவள். வந்து இறங்கியதும் மாப்பிள்ளைக்கு வந்த கவலை என்ன தெரியுமா? அவனுடைய தாயார் பணம் கட்டியது 'அன்னாசி அறை' என்ற பெரிய அறைக்காம். கொடுத்திருப்பது வேறு அறையாம். அந்த அறையும் அரண்மனை மாதிரிதான் இருக்கிறது. இருந்தாலும் என்ன? என் பணம், என் உரிமை என்று வாரம் பூராவும் மானேஜரின் கழுத்தைப் பிடிக்கிறான். இன்று அறைக்காக இப்படிக் குதிக்கிறவன் நாளைக்கு நம்மையும் இந்தக் கணக்கில்தான் வைப்பான் என்று பெண்ணுக்கு மெதுவாகப் புரிகிறது. அவள் தன் எழுத்து வேலையைப் பற்றிப் பேசினால், அதிலிருந்து என்ன வந்துவிடப் போகிறது, விட்டுத் தள்ளு என்கிறான். தேனிலவின் நடுவில் மாமியார் வேறு வந்து இறங்குகிறாள். நாம் மிகைப்படுத்தவில்லை, நாடகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

கல்யாணம் செய்தது தவறு, இவனை விட்டுப் போகிறேன் என்று ரேச்சல் சொல்லும் இடத்தில் பார்க்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் என்ன ஆயிற்று? விமான நிலையத்தில் அவனிடமே திரும்பி வருகிறாள். சந்தோஷமாக இருப்பேன் என்று வாக்கும் கொடுக்கிறாள். இந்த முடிவு பலரைச் சீற வைத்தது. முதுகெலும்பு இல்லாதவள் என்று திட்டினார்கள். நாடகக்காரர் பெண்களை இழிவுபடுத்திவிட்டார் என்றும் சொன்னார்கள்.

நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். இந்த நாடகத்தின் எல்லாப் பாகங்களிலும் இதுதான் அதிக உண்மையுள்ள இடம் என்பது நம் அபிப்பிராயம். அவள் போவதென்றால் எங்கே போவாள்? கையில் நிலையான வருமானம் இல்லை. ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று கொடுக்கிற கூலி வாடகைக்கே காணாது. அறிவு இருக்கிறது, படிப்பு இருக்கிறது, ரோஷமும் இருக்கிறது. காலூன்ற ஒரு முழம் தரை இல்லை. குடிகாரப் புருஷனை விட்டுத் தாய்வீடு வந்து, அங்கும் ஒரு வாய் கூடிப்போயிற்றே என்ற முணுமுணுப்பைக் கேட்டுவிட்டுப் பத்தாம் நாள் திரும்பிப் போன பெண்களை நம் சகோதரிகள் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்! பட்டு மெத்தையில் நடப்பதால் மட்டும் அந்தச் சிறை வேறாகிவிடாது. சொந்தச் சம்பாத்தியம் இல்லாத பெண்ணின் கல்யாணத்தில் 'சம்மதம்' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை, பிரசங்கம் செய்யாமல், ஒரு பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பதைக் காட்டியே நாடகம் சொல்லிவிடுகிறது. அதற்காக அதைப் பாராட்ட வேண்டும்.

இன்னொரு தம்பதி நிக்கோலும் மார்க்கும். மனைவி பெரிய கம்பெனி ஒன்றின் நிதி அதிகாரி, சம்பாதிப்பது அவள். கணவன் முன்பு துரோகம் செய்துவிட்டு, பரிகாரமாக விலையுயர்ந்த கை வளைகளை வாங்கிக் கொடுத்திருக்கிறான். துரோகத்தின் விலை பாறைப்பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. இருவருக்கும் நடுவே உறவு உலர்ந்துபோய் வெகுநாள் ஆயிற்று. இந்த வளைகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவைதான் ஓர் ஏழையின் வாழ்வை முடிக்கப் போகின்றன.

மூன்றாவது ஆள் டான்யா. ஜோடியில்லாமல் தனியாக வந்த பணக்காரி. தாயாரின் சாம்பலைக் கடலில் கரைக்க வந்தவள். அவள் தேடுவதும் ஒரு துணையைத்தான்.

இனி, இவர்களுக்குப் படுக்கை விரித்தவர்களைப் பார்ப்போம்.

ஓட்டல் மானேஜர் ஆர்மண்ட், ஐந்து வருஷமாகக் குடியை விட்டிருந்த மனிதன். வேலைக்குச் சேர்ந்த புதுப் பெண்ணுக்கு அவன் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே, உன் முகம் விருந்தாளிக்குத் தெரியக் கூடாது, நீ ஒரு பொதுவான சிரிப்பாக மட்டும் இருக்க வேண்டும் என்பதுதான். அந்தப் பெண்ணின் பெயர் லானி. அவள் நிறைமாதக் கர்ப்பிணி. வேலை போய்விடுமே என்று அதை மறைத்துக்கொண்டு முதல் நாள் வேலைக்கு வந்தவள். வலி எடுத்த பிறகும் மூட்டை முடிச்சோடு வந்த விருந்தாளிகளுக்குப் புன்னகை செய்கிறாள். அன்று இரவே மானேஜரின் அறையில் பிள்ளை பிறக்கிறது. அதன் பிறகு அவளை நாம் பார்ப்பதே இல்லை! அவள் என்ன ஆனாள், குழந்தை என்ன ஆயிற்று, வேலை இருந்ததா போயிற்றா? ஐந்து பகுதிகள் மிச்சம் இருந்தும் அதற்கு ஒரு நிமிஷம் ஒதுக்க நாடகக்காரருக்கு மனம் வரவில்லை. சிப்பந்தியை விருந்தாளி மறந்துவிடுவதைக் காட்டத்தான் அப்படிச் செய்தார் என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். இருக்கலாம். ஆனால் முதலாளி மறப்பதைக் காட்டுகிறவர் தாமும் சேர்ந்து மறந்தால், பார்க்கிறவனுக்கு யார் ஞாபகப்படுத்துவது?

ஷேனின் நச்சரிப்பில் ஆர்மண்ட் மறுபடி குடியிலும் போதையிலும் விழுகிறான். அறை விஷயத்தில் பிசகு ஓட்டலுடையதுதான். அதை ஒப்புக்கொள்ளாமல் பொய் சொன்னவனும் ஆர்மண்ட்தான். உத்தமன் என்று அவனை நாம் சொல்லவில்லை. வேலை போகிறது என்று தெரிந்ததும் ஷேனின் அறைக்குள் புகுந்து அவன் பெட்டியில் அசிங்கம் செய்கிறான். அப்போது திரும்பி வந்த ஷேன், கள்ளன் என்று பயந்து கத்தியோடு நிற்க, இருட்டில் ஆர்மண்ட் குத்துப்பட்டுச் சாகிறான். ஷேனுக்கு என்ன ஆயிற்று? போலீஸ் விசாரித்தது, விட்டுவிட்டது. அவன் விமானம் ஏறப் போகும் இடத்தில்தான் மேலே சொன்ன ரேச்சல் திரும்பி வருகிறாள்.

நிக்கோலும் மார்க்கும் வந்த கூட்டத்தில், மகளின் சிநேகிதியாக ஒரு கல்லூரிப் பெண்ணும் வந்திருக்கிறாள். அவளுக்கும் ஓட்டலில் வேலை செய்கிற ஹவாய்ப் பூர்வகுடி வாலிபன் ஒருவனுக்கும் நேசம் பிறக்கிறது. ஓட்டல் நிற்கிற நிலம் தன் குடும்பத்தாருடையது, அதற்காகச் சகோதரர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள், நானோ வயிற்றுப்பாட்டுக்கு அதே ஓட்டலில் விருந்தாளிகள் முன்னால் பாட்டன் பூட்டன் ஆட்டத்தை ஆடிக்காட்டுகிறேன் என்று அவன் சொல்கிறான். வக்கீலுக்குப் பணம் வேண்டுமென்றால் அந்த வளைகளை எடுத்துக்கொள் என்று பாறைப்பெட்டியின் எண்ணைச் சொல்லிக் கொடுக்கிறாள் அந்தப் பெண். அவன் போகிறான், அகப்பட்டுக்கொள்கிறான், சிறைக்குப் போகிறான். யோசனை சொன்னவள் அழுதுகொண்டே ஊருக்குத் திரும்புகிறாள். அநியாயத்தைக் கண்டு மனம் கொதித்தவள்தான். கொதிப்புக்கு விலை கொடுத்தது இன்னொருவன்.

அங்கே இன்னொரு அதிசயம் நடக்கிறது. அறையில் திருடனோடு மல்லுக்கட்டி மனைவியைக் காப்பாற்றிய மார்க், அவள் கண்ணுக்குத் திடீரென்று வீரனாகத் தெரிகிறான். வருஷக்கணக்காக உலர்ந்து கிடந்த தாம்பத்தியம் துளிர்த்துவிடுகிறது! பெலிண்டா கதையும் இதே கதைதான். அவள் உடம்பு பிடித்துவிடுகிற பகுதியை நடத்தும் கறுப்பினப் பெண். டான்யாவின் துக்கத்தை வாரம் பூராவும் கேட்டு, தேற்றி, தாங்கினாள். உனக்குச் சொந்தமாகத் தொழில் வைத்துத் தருகிறேன் என்று டான்யாவும் ஆசை காட்டினாள். பெலிண்டா ராப்பகலாக உட்கார்ந்து கணக்குப் போட்டுத் திட்டம் எழுதினாள். டான்யாவுக்கு ஒரு ஆண்துணை கிடைத்தது. திட்டம் காற்றில் போயிற்று. ஒரு உறையில் கொஞ்சம் பணத்தைத் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். ஷேனும் ரேச்சலும் சேர்ந்தார்கள், மானேஜர் செத்தான். நிக்கோலும் மார்க்கும் சேர்ந்தார்கள். நிலத்தின் பிள்ளை சிறைக்குப் போனான். டான்யாவுக்குத் துணை கிடைத்தது. பெலிண்டா கண்ட கனவு குப்பைக்குப் போயிற்று. மூன்று ஜோடிகளின் மனக்குறை தீர்ந்ததற்கு மூன்று உழைப்பாளிகள் விலை கொடுத்திருக்கிறார்கள். இந்த ஜோடிகள்மேல் பரிதாபப்படலாமா, சிரிக்கலாமா என்று ஜனங்கள் சண்டை போட்டார்களே, அந்தச் சண்டையில் இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் மிகக் கொஞ்சம். அவர்கள்மேல் நாம் பழி போட மாட்டோம். கணக்கை இவ்வளவு நேர்த்தியாகப் போட்ட நாடகக்காரர், கடைசியில் விருந்தாளிகளோடு விமான நிலையத்துக்குப் போய்விடுகிறார். சிறைக்குப் போனவனைப் பார்க்க அவர் போகவில்லை. கடைசிக் காட்சிகளில் பெலிண்டா கரையில் நின்று அடுத்த படகுக்குக் கைவீசுகிறாள், முகத்தில் உயிரில்லை. அந்த ஒரு காட்சிக்காக அவரைப் பாதி மன்னிக்கலாம்.

மறுபாதிக்கு ஹவாயின் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். அந்த வாலிபன் சொன்ன நிலக்கதை நாடகத்துக்காகக் கட்டிய கதையல்ல. ஹவாய் ஒரு காலத்தில் தனி ராஜ்யம். 1893 ஜனவரியில் கரும்புத் தோட்ட முதலாளிகளும் வியாபாரிகளும் சேர்ந்து லிலியுகலானி ராணியைக் கவிழ்த்தார்கள். அமெரிக்கக் கப்பற்படைச் சிப்பாய்கள் கரையில் இறங்கித் துணை நின்றார்கள். 1898-இல் அமெரிக்கா தீவுகளை விழுங்கிற்று. 18 லட்சம் ஏக்கர் நிலம் ஒரு காசு நஷ்டஈடு இல்லாமல், குடிமக்களைக் கேட்காமல் போனது என்று 1993-இல் அமெரிக்கப் பார்லிமெண்டே மன்னிப்புத் தீர்மானம் போட்டது. நூறு வருஷம் கழித்து மன்னிப்பு வந்தது, நிலம் வரவில்லை. கவிழ்த்தவர்கள் அமைத்த சர்க்காருக்குத் தலைவராக உட்கார்ந்தவர் சான்போர்டு டோல். அவருடைய உறவினர் ஜேம்ஸ் டோல் அன்னாசித் தோட்டங்களால் பணக்காரரானவர். 1922-இல் லானாய் என்ற தீவையே கிட்டத்தட்ட முழுசாக விலைக்கு வாங்கினார். 2012-இல் அந்தத் தீவின் 98 சதவிகிதத்தை லாரி எல்லிசன் என்ற கம்ப்யூட்டர் முதலாளி வாங்கினார். இன்று அங்கே ஆடம்பர ஓட்டல்கள். ஷேன் 'அன்னாசி அறை'க்காக அடித்துக்கொண்ட சண்டைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய அன்னாசிக் கதை கிடக்கிறது.

அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் வாயில்லாப் பூச்சிகளாக இருந்துவிடவில்லை. ஜப்பானியர், சீனர், போர்த்துகீசியர், பிலிப்பைன்ஸ்காரர் என்று தேசம் தேசமாக ஆள் கொண்டுவந்து, ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் வைத்து ஆண்டார்கள் முதலாளிகள். 1946 செப்டம்பரில் அத்தனை பேரும் ஒரே சங்கத்தின் கீழ் நின்று, ஏறக்குறைய 26,000 பேர் 79 நாள் கரும்புத் தோட்டங்களை நிறுத்தி வைத்து ஜெயித்தார்கள். ஹவாயின் கடைசிக் கரும்பாலை மாவி தீவில் இருந்தது. அது 2016 டிசம்பரில் மூடப்பட்டது. வெண்தாமரையைப் படம் பிடித்த அதே தீவுதான்.

இன்று அங்கே பிழைப்பு என்றால் பெரும்பாலும் ஓட்டல்தான். அந்தப் பிழைப்பு எப்படி? 2018-இல் மாரியட் கம்பெனி நடத்தும் ஐந்து ஓட்டல்களில் சுமார் 2,700 பேர் 51 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வேலையே வயிற்றுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கோஷம். பகலில் ஒரு ஓட்டல், இரவில் வேறொரு வேலை என்று ஓடினால்தான் வாடகை கட்ட முடியும் என்ற நிலையிலிருந்து பிறந்த கோஷம் அது. 2024-இல் ஹில்டன் ஓட்டலின் தொழிலாளர் ஏறக்குறைய 2,000 பேர் 40 நாள் வெளியே நின்றார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்றை நம் ஸ்பின்னிங் பெண்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு அறைகளைத் தினமும் சுத்தம் செய்கிற பழக்கத்தை ஓட்டல்கள் குறைத்தன. ஆள் மிச்சம் என்று முதலாளிக்குச் சந்தோஷம். ஆனால் விருந்தாளி காலி செய்கிற அன்று, நாலைந்து நாள் அழுக்கு சேர்ந்த அறையை அதே நேரத்துக்குள் ஒருத்தி முடித்தாக வேண்டும். இரண்டு சைடு பார்த்தவளை நாலு சைடு பார்க்கச் சொல்வதற்கும் இதற்கும் என்ன பேதம்? வேலைப்பளு என்று நாம் சொல்வது அங்கே விரிப்பும் துண்டுமாக வந்து நிற்கிறது.

2023 ஆகஸ்டு 8-ஆம் தேதி மாவியின் லஹைனா நகரம் தீயில் வெந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். வீடு இழந்த ஆயிரக்கணக்கானவர்களை ஓட்டல் அறைகளில் தங்க வைத்தார்கள். ஓட்டல் தொழிலாளர் பலர் அவர்களில் அடக்கம். சாம்பல் ஆறுவதற்குள், அக்டோபரிலேயே, உல்லாசப் பயணிகளை மறுபடி வரவேற்கச் சர்க்கார் முடிவு செய்தது. இன்னும் எங்கள் துக்கம் தீரவில்லை என்று ஜனங்கள் மனுக் கொடுத்தும் கேட்கவில்லை. வேறு வருமானம் இல்லாத ஊர். வேலை வேண்டும் என்று கேட்டவர்களும் அதே ஜனங்களில் இருந்தார்கள். பொய்ச் சிரிப்பைக் கூலிக்கு விற்கிற ஊரில் மனிதன் எந்த இக்கட்டில் நிற்கிறான் என்பதற்கு இதைவிடப் பெரிய நாடகம் யார் எழுத முடியும்?

இரண்டாம் பாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிசிலியின் தாவோர்மினாவில், பழைய மடாலயம் ஒன்றை ஓட்டலாக்கிய இடத்தில் படம் பிடித்தது. ஈத்தனும் ஹார்ப்பரும் ஒரு ஜோடி. கேமரனும் டாப்னியும் ஒரு ஜோடி. கணவன்மார் கல்லூரித் தோழர்கள். ஈத்தன் தன் கம்பெனியை விற்றுப் புதுப் பணக்காரன் ஆனவன். அந்தப் பணத்தின் மேல் கேமரனுக்குக் கண். விடுமுறைக்கு அழைத்ததன் சூட்சுமம் அதுதான். யார் யாரோடு என்ன செய்தார்கள், செய்யவில்லையா என்ற சந்தேகத்திலேயே ஏழு பகுதிகளும் ஓடுகின்றன. கதவுக்குப் பின்னால் நடந்ததை நாடகக்காரர் காட்டாமலே விட்டுவிட்டார். ஜனங்கள் அதைப் பற்றி மாதக்கணக்கில் வழக்காடினார்கள். புருஷன் துரோகம் செய்கிறான் என்று தெரிந்தும், தானும் தன் வழியில் சரிக்கட்டிக்கொண்டு சிரித்த முகமாக இருக்கிற டாப்னிதான் கெட்டிக்காரி என்று பலர் மெச்சினார்கள். மெச்சட்டும். துக்கத்தைச் செலவழித்துத் தீர்க்கப் புருஷன் பணம் கையில் இருக்கிறவளுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் கைகூடும். அந்தப் பாகத்தில் நமக்குப் பிடித்தது லூசியா என்ற உள்ளூர்ப் பெண். உடலை விற்றுப் பிழைக்கிற அவளுக்குப் பேசிய பணத்தைக் கேமரன் இழுத்தடிக்கிறான். கோடிகளைப் புரட்டுகிறவன் கூலி பாக்கி வைக்கிறான்! எத்தனை நிஜம்! கடைசியில் அவள் வேறொரு பணக்காரப் பையனின் இளகிய மனத்தைப் பிடித்து 50,000 யூரோவைக் கறந்துகொண்டு தெருவில் சிரித்தபடி போகிறாள். ஜனங்கள் கைதட்டினார்கள். நமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒருத்தி தந்திரத்தால் தப்பிப்பதைக் காட்டுவது சுலபம். படுக்கை விரிக்கிறவர்கள் ஒன்றாக நின்று கேட்பதைக் காட்டுவதற்கு மூன்று பாகங்களிலும் இடம் கிடைக்கவில்லை.

விடுமுறை என்பதே பாவம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உழைக்கிறவனுக்குத்தான் ஓய்வு முதலில் தேவை. 1936-இல் பிரான்சின் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து, வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் லீவு என்ற சட்டத்தைப் பெற்றார்கள். அந்தக் கோடையில் ரயில் கட்டணச் சலுகையோடு லட்சக்கணக்கானோர் ஊர் பார்க்கப் புறப்பட்டார்கள். கடலை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தவர்கள் அவர்களில் ஏராளம். அந்தப் புருஷன் பெண்சாதிகளும் வழியில் சண்டை போட்டிருப்பார்கள். சாப்பாட்டு மூட்டையை ரயிலில் மறந்தது யார் என்று!

இந்த நாடகம் வந்தபின் தாவோர்மினாவில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. தாய்லாந்தில் படம் பிடிக்கிறார்கள் என்றதும் அங்கத்திய சுற்றுலாத்துறை ஆனந்தப்பட்டது. துணிக் கம்பெனிகள் வெண்தாமரைப் பெயரில் உடுப்பு விற்றன. பணக்காரனைக் கேலி செய்ய எடுத்த நாடகம், பணக்காரன் போகிற இடத்துக்கு விளம்பரப் பலகையாகிவிட்டது. நாடகக்காரரின் நோக்கம் அதுவல்ல என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கடலையும் கட்டிலையும் அவ்வளவு அழகாகக் காட்டி, கட்டிலைத் தட்டிப் போடுகிறவளை அவ்வளவு சுருக்கமாகக் காட்டினால் பார்க்கிறவன் மனசில் எது தங்கும்?

மூன்றாம் பாகத்தில் பெலிண்டா மறுபடி வருகிறாள், தொழில் பழகுவதற்காகத் தாய்லாந்து ஓட்டலுக்கு. போர்ன்சாய் என்ற அவ்வூர்ச் சிப்பந்தி அவளுக்குத் துணையாகிறான். நாம் இருவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு தொழில் தொடங்கலாமே என்று கேட்கிறான். இதற்குள் டான்யாவின் சாவில் சம்பந்தப்பட்ட அவள் புருஷனைப் பெலிண்டா அடையாளம் கண்டுகொள்கிறாள். வாயை மூடிக்கொள்ள அவன் 50 லட்சம் டாலர் கொடுக்கிறான். பணம் வந்ததும் பெலிண்டா போர்ன்சாயிடம் என்ன சொன்னாள்? டான்யா அவளிடம் எதைச் சொன்னாளோ அதையே சொன்னாள். சொல்லிவிட்டுப் படகேறிப் போனாள். ஏழைப் பெண் ஒருத்தி ஜெயித்தாள் என்று சிலர் ஆடிப்பாடினார்கள். நெஞ்சு வலித்தது என்றார்கள் சிலர். நாம் வலித்தவர்கள் பக்கம். ஆனால் அவளைத் திட்ட மாட்டோம். தனியாகக் கரையேற மட்டுமே வழி வைத்த கதைக்குள் அவளை நிறுத்திவிட்டு, ஏன் தனியாகக் கரையேறினாய் என்று கேட்பது அழகல்ல.

நான்காம் பாகத்துக்குப் பிரான்சு தேசம் என்று அறிவித்திருக்கிறார்கள். அதிலும் ஜோடிகள் வருவார்கள், முறைத்துக்கொள்வார்கள், சேர்வார்கள். நாம் பார்க்கப் போவது ஓட்டல் சிப்பந்திகளை. லானியைப் போல ஒருத்தி வந்தால், முதல் பகுதியோடு அவள் காணாமல் போகிறாளா, கடைசி வரையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு எழுதுகிறோம்.